ஓஐ ஏறினா ஷேரும் ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல ஆப்ஷன் பத்தின கேள்விதான். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வில்லியனூர், லாஸ்பேட்டைன்னு எல்லா பக்கமிருந்தும் ஒரே மாதிரி கேக்குறாங்க, ஆப்ஷன்ல நடக்குறதை வச்சு ஷேர் விலை எங்க போகும்னு கண்டுபிடிக்க முடியுமான்னு. அதனால ஃபண்டு, இன்சூரன்ஸ் கேள்விங்களை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சுட்டு இந்தத் தடவை இதையே முழுசா எடுத்துக்கிறேன்.

கேள்வி: அண்ணே, திருப்பாதிரிப்புலியூர்ல ஹார்ட்வேர் கடை வச்சிருக்கேன். ஒரு ஷேர் 500 ரூபாய்ல ஓடிட்டு இருந்துச்சு. அதோட 520 கால் ஆப்ஷன்ல ஒரே நாள்ல ஓஐ டபுள் ஆச்சு. "பெரிய கை உள்ள வந்துடுச்சு, நாளைக்கு ராக்கெட்"னு டெலிகிராம் குரூப்ல போட்டாங்க, நம்பி 200 ஷேர் வாங்கினேன். நாலே நாள்ல 478. அவ்வளவு பேர் கால் வாங்கியிருக்கும்போது ஷேர் ஏண்ணே இறங்குச்சு?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: "அவ்வளவு பேர் வாங்கியிருக்கும்போது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. அதே அளவுக்கு வித்தும் இருக்காங்க. ஓஐ, அதாவது ஓபன் இன்ட்ரஸ்ட்ங்கிறது இன்னும் முடிக்காம திறந்து கிடக்குற கான்ட்ராக்ட் எத்தனைன்னு சொல்ற கணக்கு. ஒரு பக்கம் வாங்கினவரு, மறுபக்கம் எழுதிக் கொடுத்தவரு, ரெண்டு பேரும் இருந்தாதான் அது ஒண்ணுன்னு எண்ணிக்கையில வரும்.

பண்ருட்டி பக்கம் பலா சீசனுக்கு முன்னாடியே வியாபாரிங்க தோப்புக்கு வந்து, மரத்தை சுத்தி சுத்திப் பாத்து, விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி ஒரு பேச்சை நினைச்சுக்கோங்க. "சீசன்ல காய் 100 ரூபாய்னு எடுத்துக்கிறேன், எனக்கு வேணாம்னா அட்வான்ஸ் உங்களுக்கே"ன்னு வியாபாரி சொல்றாரு, தோப்புக்காரரு சரிங்கிறாரு. இதுதான் கால் ஆப்ஷன், அட்வான்ஸுதான் பிரீமியம், பேசி வச்ச 100 ரூபாய்தான் ஸ்ட்ரைக், சீசன்ங்கிற கெடுதான் எக்ஸ்பைரி. இப்ப ஊர்ல ஒருத்தர் வந்து "ஐயா, இந்த வருஷம் நூறு மரத்துக்கு அட்வான்ஸ் கைமாறியிருக்கு"ன்னு சொன்னா பலாப்பழம் விலை ஏறும்னு அர்த்தமா? வியாபாரி 100 ரூபாய்க்கு மேல போகும்னு நினைச்சு கொடுத்திருக்காரு, தோப்புக்காரரு அதுக்கு மேல போகாதுன்னு நினைச்சு அட்வான்ஸை வாங்கி மடியில கட்டியிருக்காரு, அதுவும் அந்த மரத்தை முப்பது வருஷமா பாத்துட்டு இருக்குற மனுஷன் அவரு. நூறுங்கிற நம்பர்ல இவரும் இருக்காரு அவரும் இருக்காரு.

உங்க ஷேர்லயும் அப்படித்தான். அந்த 520 கால்ல ஏறிய ஓஐக்குப் பின்னாடி ஏறும்னு பந்தயம் கட்டினவர் இருக்கலாம். ஏற்கெனவே ஆயிரக்கணக்குல ஷேர் வச்சிருக்குற ஒரு பெரிய ஆளு, "520-க்கு மேல இந்த மாசம் போகாது, சும்மா இருக்குற ஷேர் மேல கொஞ்சம் பிரீமியம் வரட்டும்"னு கால் எழுதி வித்திருக்கலாம். ஷேரை ஷார்ட் அடிச்சு வச்சிருக்குறவர், தப்பா போயிட்டா காப்பாத்திக்கணும்னு அதே காலை வாங்கியிருக்கலாம், அதாவது இறங்கும்னு நம்புறவரே கால் வாங்குறாரு. 500 காலை வாங்கி, செலவைக் குறைக்க 520 காலை வித்தவரும் இருக்கலாம். ஆப்ஷன் விலையையும் ஓஐயையும் வரிசையா காட்டுற ஆப்ஷன் செயின்ங்கிற பட்டியல்ல இந்த நாலு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க, உங்க குரூப் அட்மினுக்கும் அதுல எது எதுன்னு தெரியறதுக்கு வழியே கிடையாது.

சரி, ஒண்ணுமே தெரியாதான்னா, கொஞ்சம் தெரியும். ஓஐயை மட்டும் பாக்காம அது பக்கத்துல பிரீமியத்தையும் ஐவியையும் (ஷேர் எவ்வளவு ஆடும்னு ஆப்ஷன் விலை எதிர்பாக்குற அளவு) சேத்துப் பாருங்க. ஷேர் அசையாம இருக்கும்போதே ஓஐயும் ஏறி பிரீமியமும் ஏறினா வாங்குறவங்க அவசரப்படுறாங்கன்னு எடுத்துக்கலாம். ஓஐ ஏறி பிரீமியம் இறங்கிட்டே இருந்தா வித்துத் தள்ளுறவங்க கை ஓங்கியிருக்கு. இதுவும் யூகம்தான், ஆனா வெறும் ஓஐயை வச்சு ராக்கெட்னு சொல்றதைவிட எவ்வளவோ மேல். உங்க கேஸ்ல அன்னிக்கு பிரீமியம் என்ன பண்ணுச்சுன்னு அந்த மெசேஜ்ல ஒரு வார்த்தை இல்ல பாத்தீங்களா.

கேள்வி: சார், நான் எம்.காம் படிக்கிறேன். ஷேர் விலை அசையறதாலதான் ஆப்ஷன் விலை அசையுதுன்னு பாடத்துல படிச்சோம். யூடியூப்ல ஆப்ஷன்தான் ஷேரை இழுக்குதுன்னு சொல்றாங்க. எது சரி?
– மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நல்ல கேள்விம்மா, ரெண்டுமே நடக்குது, ஆனா ரெண்டும் வேற வேற காரணத்தால நடக்குது. அதை ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறதாலதான் இவ்வளவு தப்பான அறிவுரை சுத்துது.

முதல்ல தகவல் வழி. ஒரு கம்பெனியைப் பத்தி மத்தவங்களுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு ஒருத்தருக்குத் தெரியும்னு வை. 500 ரூபாய் ஷேரை 1000 வாங்கணும்னா 5 லட்சம் வேணும். அதே 1000 ஷேருக்கான 520 கால் ஒரு லாட், பிரீமியம் 6 ரூபாய்னா 6,000 ரூபாய்ல முடிஞ்சிடும். கையில கம்மி பணம், நம்பிக்கை ஜாஸ்தி, அப்ப அவர் எங்க போவாரு? ஆப்ஷனுக்குத்தான். அதனால சில சமயம் தகவல் முதல்ல ஆப்ஷன்ல வந்து விழுந்து, அப்புறம்தான் ஷேருக்கு வருது. இதை சும்மா சொல்லல, ஜுன் பான், ஆலன் போட்டெஷ்மன்னு ரெண்டு பேர் 2006-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல 1990-லேர்ந்து 2001 வரைக்கும் நடந்த ஆப்ஷன் வியாபாரத்தை எடுத்துப் பாத்தாங்க. புட்டைவிட (குறிச்ச விலைக்கு ஷேரை விக்கிற உரிமை, காலுக்கு நேர் எதிர்) கால் ரொம்ப அதிகமா வாங்கப்பட்ட ஷேர்ங்க, புட் அதிகமா வாங்கப்பட்ட ஷேர்ங்களைவிட அடுத்த நாள் 0.4 சதவீதத்துக்கு மேலயும், அடுத்த வாரத்துல 1 சதவீதத்துக்கு மேலயும் நல்லா போச்சு.

இதை மட்டும் எடுத்துப் போட்டு வீடியோ பண்றவங்க ஒண்ணை விட்டுடுறாங்க. அவங்க ரெண்டு பேரும் பயன்படுத்தினது எல்லாருக்கும் தெரியுற டேட்டா இல்லம்மா. யார் புதுசா வாங்கினாங்க, யார் வித்தாங்கன்னு எக்ஸ்சேஞ்ச் உள்ளேயே பிரிச்சு வச்சிருந்த கணக்கு அது. வெளியில எல்லாருக்கும் தெரியுற வால்யூமை வச்சுப் பாத்தா அந்த சக்தி ரொம்பக் குறைஞ்சு போகுதுன்னு அவங்களே காட்டியிருக்காங்க. திருப்பாதிரிப்புலியூர்காரருக்கு மேல நான் சொன்னதும் இதேதான், யார் வாங்கினா யார் வித்தான்னு தெரியாத எண்ணுக்கு வாய் கிடையாது. ஆப்ஷன்ல தகவல் இருக்கு, ஆனா நம்ம போன்ல தெரியுற எடத்துல அது இல்ல.

ரெண்டாவது ஹெட்ஜ், அதாவது நஷ்டம் வராம தடுப்பு போட்டுக்கிற வழி. இதுல யாருக்கும் எந்த ரகசியமும் தெரிய வேணாம், ஆனாலும் ஷேர் அசையும். நீ அந்த 520 காலை வாங்குறேன்னு வை, உனக்கு வித்தது பெரும்பாலும் ஒரு பெரிய டிரேடிங் கம்பெனியோட கம்ப்யூட்டர். அதுக்கு ஷேர் ஏறுமா இறங்குமான்னு பந்தயம் கட்ட ஆசை இல்ல, பிரீமியத்துல இருக்குற சின்ன வித்தியாசம்தான் அதோட பொழப்பு. அதனால வித்த உடனே தன்னைக் காப்பாத்திக்க ஷேரையோ ஃபியூச்சரையோ (ஷேரைப் பின்னாடி ஒரு தேதியில வாங்குற ஒப்பந்தம்) வாங்கி வச்சிக்கும். எவ்வளவு? அந்தக் காலோட டெல்டா, அதாவது ஷேர் ஒரு ரூபாய் அசைஞ்சா கால் எவ்வளவு அசையும்ங்கிற அளவு, 0.30-ன்னா 1000 ஷேர் லாட்டுக்கு 300 ஷேர். ஷேர் 510-க்கு ஏறுது, டெல்டா 0.40 ஆகுது, இன்னும் 100 ஷேர் வாங்கணும். ஷேர் ஏற ஏற வாங்குது, இறங்க இறங்க விக்குது. ஒரு லாட்டுக்கு இது ஒண்ணுமே இல்ல, ஆனா ஆயிரக்கணக்கான பேர் ஒரே ஸ்ட்ரைக்கை ஒரே நாள்ல வாங்கினா, இந்த 100 ஷேர் 100 ஷேரா சேந்து விலையையே தள்ளும். ஏறின விலையைப் பாத்து இன்னும் பத்து பேர் கால் வாங்குவாங்க.

அதையே திருப்பிப் போடு. ஊர்ல எல்லாரும் கால் எழுதி விக்கிறாங்க, அந்தக் கம்பெனி வாங்கி வச்சிருக்குன்னா, ஷேர் ஏறும்போது அது விக்கும், இறங்கும்போது வாங்கும். அப்ப ஷேர் ஆடாம அடங்கும். கவனிச்சியா, ஓஐ ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான், கைமாறி இருக்குற பக்கம் மாறினதும் ஒரு எடத்துல அது ஷேரைத் துரத்துது, இன்னொரு எடத்துல கட்டிப் போடுது.

இதுல பெரிய ஆளுங்களே சறுக்கின ஒரு எடம் சொல்றேன். 2021 ஜனவரியில அமெரிக்காவுல கேம்ஸ்டாப் ஷேர் தாறுமாறா ஏறுச்சு, 27-ம் தேதி 347 டாலருக்கு மேல முடிஞ்சது, கால் வாங்குன கூட்டத்தாலதான், மேல சொன்ன மாதிரி ஹெட்ஜுக்கு வாங்குறதே விலையைத் துரத்துற காமா ஸ்க்வீஸ்தான்னு உலகமே சொல்லுச்சு, நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த வருஷம் அக்டோபர்ல அந்த ஊர் சந்தையைக் கண்காணிக்கிற எஸ்இசி அதிகாரிங்க டேட்டாவை முழுசா பாத்துட்டு அறிக்கை விட்டாங்க: காமா ஸ்க்வீஸ் நடந்ததுக்கு ஆதாரம் கிடைக்கல, தனிநபர்கள் பக்கம் ஆப்ஷன் வால்யூம் கூடினது பெரும்பாலும் புட் வாங்கினதாலதான்னு. கூட்டம் எந்தப் பக்கம் நிக்குதுன்னு உலகமே தலைகீழா நினைச்சிருந்துச்சு. ப்ராஜெக்ட் எடுக்கணும்னா இதையே எடும்மா, நல்ல விஷயம்.

கேள்வி: பிசிஆர் 1.3-ன்னா மார்க்கெட் ஏறுமா இறங்குமா? ஒருத்தர் ஏறும்ங்கிறார், ஒருத்தர் இறங்கும்ங்கிறார்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: பிசிஆர்ங்கிறது புட் எண்ணிக்கையை கால் எண்ணிக்கையால வகுத்த நம்பர், ரெண்டு பேருமே அந்த ஒரே நம்பரைத்தான் பாக்குறாங்க சார். புட் வாங்கினவங்க ஜாஸ்தின்னு எடுத்துக்கிட்டா பயம், இறங்கும். புட் எழுதி வித்தவங்க ஜாஸ்தின்னு எடுத்துக்கிட்டா தைரியம், ஏறும். ஒரே நம்பருக்கு ரெண்டு அர்த்தமும் சொல்லலாம்னா அதை வச்சுப் பணம் போடாதீங்க.

கேள்வி: ஐயா, எக்ஸ்பைரி அன்னிக்கு ஷேர் கரெக்டா ஏதாவது ஒரு ஸ்ட்ரைக் விலையில வந்து நிக்குது. மேக்ஸ் பெயின், அதாவது ஆப்ஷன் வாங்கினவங்களுக்கு நஷ்டம் ரொம்ப அதிகமா வர்ற விலைன்னு சொல்லி, ஆப்ஷன் வித்தவங்க எல்லாரும் சேந்து அங்க கொண்டு வந்து நிறுத்துறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ஸ்ட்ரைக்ல ஒட்டிக்கிறது உண்மை. நேரு வீதியில ஒரு மாடி ஆபீஸ்ல உக்காந்து நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். மாசக் கடைசி செவ்வாய், ஷேர் ஆப்ஷன் எக்ஸ்பைரி, மணி மூணு அடிக்கப் பத்து நிமிஷம். ஒரு ஷேர் 500.40-ல இருக்கு. 501 தொடும், உடனே விக்கிற ஆர்டர் வரிசையா வந்து நிக்கும், 499.70-க்கு வரும், அங்க வாங்குற பக்கம் திடீர்னு கனமாகும், மறுபடி 500.30. பசு மாட்டை முளைக்குச்சியில கட்டினா சுத்திச் சுத்தி வருமே அப்படி இருந்துச்சு. பக்கத்துல 500 கால் ஒண்ணு இருபது பைசா, தொண்ணூறு பைசா, நாப்பது பைசான்னு துடிச்சிட்டு இருக்கு, அதை வாங்கி வச்சிருந்த பையன் ஸ்க்ரீனை விட்டு கண்ணை எடுக்கவே இல்ல.

இதுக்கு யாரும் கூடிப் பேசி சதி பண்ணணும்னு அவசியம் இல்லங்க. லாஸ்பேட்டை பொண்ணுக்குச் சொன்னேன்ல, பெரிய கம்பெனிங்க ஆப்ஷனை வாங்கி வச்சிருந்தா ஏறும்போது விக்கும் இறங்கும்போது வாங்கும்னு, எக்ஸ்பைரி நெருங்க நெருங்க ஸ்ட்ரைக்கு பக்கத்துல டெல்டா ரொம்ப வேகமா மாறும், அதனால அந்த விக்கிறதும் வாங்குறதும் பெருசாகி ஷேரை ஸ்ட்ரைக்லயே பிடிச்சு வச்சிக்குது. நி, பியர்சன், போட்டெஷ்மன்னு மூணு பேர் 2005-ல அமெரிக்க ஷேர்ங்களை வச்சு இதை நிரூபிச்சாங்க, ஆப்ஷன் உள்ள ஷேர்ங்க எக்ஸ்பைரி அன்னிக்கு ஸ்ட்ரைக் கிட்ட கூடுது, ஆப்ஷன் இல்லாத ஷேர்ங்க அப்படிக் கூடல. ஹெட்ஜ் பண்றது ஒரு காரணம், வேணும்னே தள்ளுறவங்களும் இருக்கலாம்னும் எழுதியிருக்காங்க. ஆனா எவ்வளவு தள்ளுது தெரியுமா? சராசரியா 0.165 சதவீதமாவது. 500 ரூபாய் ஷேர்ல 82 பைசா. மொத்த மார்க்கெட்டுக்குக் கூட்டினா பெரிய தொகை, ஆனா நம்மள மாதிரி ஆள் அந்த 82 பைசாவைப் பிடிக்கப் போனா புரோக்கரேஜ், எஸ்டிடி வரி, வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி எல்லாம் சேந்து அதைத் தின்னுடும்.

வேணும்னே தள்ளுறதுன்னு சொன்னதும் 2025 ஜூலை 3-ம் தேதி நம்ம சந்தையைக் கண்காணிக்கிற செபி போட்ட இடைக்கால உத்தரவைச் சொல்லாம இருக்க முடியல. ஜேன் ஸ்ட்ரீட்ங்கிற அமெரிக்க கம்பெனி மேல போட்டது. 2024 ஜனவரி 17 அன்னிக்கு பேங்க் ஷேர்ங்களோட இண்டெக்ஸான பேங்க் நிஃப்டியில, காலையில பேங்க் ஷேர்ங்களையும் ஃபியூச்சரையும் சுமார் 4,370 கோடிக்கு வாங்கினாங்க, அதே நேரத்துல இறங்கினா லாபம் வர்ற மாதிரி ஆப்ஷன்ல 32,000 கோடிக்கு மேல நிலை எடுத்தாங்க, மத்தியானத்துக்கு மேல வாங்கின ஷேரை வித்துத் தள்ளினாங்க, ஷேர்ல சுமார் 61 கோடி நஷ்டம், ஆப்ஷன்ல சுமார் 735 கோடி லாபம், இதுதான் செபி சொன்ன கணக்கு. இந்த ஒரு நாள் மட்டும் இல்லாம எல்லாம் சேத்து மொத்தமா 4,843 கோடி ரூபாயை எடுத்து வைக்கச் சொன்னாங்க. நாங்க தப்பு எதுவும் பண்ணல, இது ரெண்டு எடத்து விலை வித்தியாசத்துல சம்பாதிக்கிற சாதாரண ஆர்பிட்ரேஜ்தான்னு கம்பெனி மறுத்து மேல்முறையீட்டுக்குப் போயிருக்கு, அதனால முடிஞ்ச முடிவா நான் எதையும் சொல்லல. எனக்கு இதுல உறைச்ச விஷயம் அளவு. ஆப்ஷன் பக்கம் ஷேர் பக்கத்தைவிட இவ்வளவு பெருசா வளந்துட்டா, சின்ன பக்கத்துல கொஞ்சம் நஷ்டப்பட்டு அசைச்சாலே பெரிய பக்கத்துல கொட்டும். ஆப்ஷன் ஷேரோட நிழல்னு நாம படிச்சது, நிழல் மரத்தைவிட இவ்வளவு கனமாகும்னு யாரும் சொல்லிக் கொடுக்கல. 2024 நவம்பர் 20-லேர்ந்து ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரே ஒரு வாராந்திர எக்ஸ்பைரின்னு செபி குறைச்சதை நான் முழு மனசா வரவேற்கிறேன். இன்னும் முன்னாடியே செஞ்சிருக்கணும்.

கேள்வி: சார், மஞ்சக்குப்பத்துல டீச்சரா இருக்கேன். ஒரு கம்பெனியோட லாப நஷ்ட ரிசல்ட்டுக்கு முந்தின நாள் 510 கால் 12 ரூபாய்க்கு வாங்கினேன். ரிசல்ட் நல்லா வந்துச்சு, ஷேர் 500-லேர்ந்து 512 ஆச்சு. ஆனா என் கால் 8.50-க்கு இறங்கிடுச்சு. இது ஏமாத்து வேலை இல்லையா?
– வாசகி, கடலூர்

பதில்: ஏமாத்து இல்லம்மா, நீங்க 12 ரூபாய் கொடுத்து வாங்கினதுல முக்கால்வாசி பரபரப்புதான். ரிசல்ட்டுக்கு முந்தின நாள் ஐவி 60 மாதிரி ஏறி நிக்கும், என்ன வருமோன்னு எல்லாரும் வாங்குறாங்கல்ல. ரிசல்ட் வந்த உடனே தெரியாத விஷயம் தெரிஞ்சு போச்சு, ஐவி 28-க்கு வந்து விழும். ஷேர் 12 ரூபாய் ஏறினது உங்களுக்குக் கொடுத்ததை, ஐவி இறங்கினது பிடுங்கிக்கிச்சு. ஷேர் இன்னும் வேகமா ஏறியிருந்தாதான் நீங்க ஜெயிச்சிருப்பீங்க.

உங்க கேள்வியிலதான் நான் இந்த மாசம் சொல்ல வந்த விஷயமே இருக்கு. ஆப்ஷன் விலை ஒரு விஷயத்தை ஓரளவு நேர்மையா சொல்லும், ஷேர் எவ்வளவு ஆடும்னு. எந்தப் பக்கம்னு சொல்லாது. ஷேர் 500-ல இருக்கு, 500 கால் 14 ரூபாய், 500 புட் 13 ரூபாய், ரெண்டையும் கூட்டுங்க, 27. எக்ஸ்பைரிக்குள்ள சுமாரா 473-லேர்ந்து 527 வரைக்கும் ஆடலாம்னு சந்தை விலை போட்டிருக்கு. இந்த ஒரு கூட்டல் கணக்கு, மேக்ஸ் பெயின், பிசிஆர் எல்லாத்தையும்விட எனக்கு உபயோகமா இருந்திருக்கு. ஆப்ஷன் வாங்குறதுக்கு இல்ல, கையில இருக்குற ஷேரை ரிசல்ட் தாண்டி வச்சுக்கலாமா, அவ்வளவு ஆட்டம் நம்ம மனசு தாங்குமான்னு பாக்குறதுக்கு.

நம்ம துறைமுகத்துல 1-ம் நம்பர் கூண்டு ஏத்துறாங்கன்னா கடல்ல எங்கயோ புயல் சின்னம் உருவாகியிருக்குன்னு தெரியும், அது நம்ம பக்கம் திரும்புமா ஆந்திரா பக்கம் போயிடுமான்னு அந்தக் கூண்டு சொல்லாது. அதுக்காக முதுநகர்ல யாரும் கூண்டை அலட்சியம் பண்ண மாட்டாங்க, படகை இழுத்துக் கட்டுவாங்க. 2024 தேர்தல் நேரத்தை நினைச்சுப் பாருங்க. மே மாசம் முழுக்க, நிஃப்டி ஆப்ஷன் விலையிலேர்ந்து ஆட்டத்தை அளக்குற இந்தியா விக்ஸ் ஏறிட்டே இருந்துச்சு, பெருசா ஏதோ அசையப் போகுதுன்னு ஆப்ஷன் விலை கத்திச் சொல்லுச்சு. எந்தப் பக்கம்? கருத்துக்கணிப்பு வந்ததும் ஜூன் 3 அன்னிக்கு நிஃப்டி 23,263-ல முடிஞ்சது, எல்லாரும் ஏறும்னு நின்னாங்க. எங்க தெரு டீக்கடையில ஒரு தம்பி ரெண்டு லாட் கால் வாங்கியிருந்தாரு, காலையிலேர்ந்து எல்லாருக்கும் டீ அவரு காசு. அடுத்த நாள் நிஃப்டி 21,884-ல முடிஞ்சது, ஒரே நாள்ல கிட்டத்தட்ட 6 சதவீதம். அவரு அன்னிக்கு சாயந்திரம் கடைப்பக்கமே வரல. கூண்டு சரியாதான் ஏறியிருந்துச்சு, அவரு அதை வேற மாதிரி படிச்சிட்டாரு.

கேள்வி: ஐயா, எனக்கு ஷேர் எல்லாம் தெரியாது. என் பையனுக்கு 24 வயசு, சிப்காட்ல வேலை. எட்டு மாசமா போன்ல ஆப்ஷன் பண்றான், 1,40,000 போயிடுச்சுன்னு இப்பதான் தெரிஞ்சது. கேட்டா "நான் டேட்டா பாத்துதான் பண்றேன், சூதாட்டம் இல்ல"ங்கிறான். என்ன சொல்றதுன்னு தெரியல.
– ஒரு அம்மா, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, முதல்ல ஒண்ணு, உங்க பையன் பொய் சொல்லலைன்னு நினைக்கிறேன். அவன் உண்மையிலேயே டேட்டா பாத்துதான் பண்றான். எந்த டேட்டா, அது அவனுக்கு முன்னாடி யார்கிட்ட போகுதுங்கிறதுதான் விஷயம். சூதாட்டம்னு நீங்க சொன்னா சண்டை வரும், பேச்சு நின்னுடும், அதனால அந்த வார்த்தையை விட்டுடுங்க.

அவன்கிட்ட இந்தக் கணக்கைக் கொடுங்க, செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்டது. 2021-22-லேர்ந்து மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சரும் ஆப்ஷனும்) பண்ண தனிநபர்கள் 1 கோடிக்கும் மேல, அதுல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. செபியோட அடுத்த கணக்குப்படி 2024-25-லயும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், 1,05,603 கோடி. இந்தப் பணம் எங்க போச்சு? 2023-24 கணக்குல, செலவெல்லாம் கழிக்கிறதுக்கு முன்னாடி, சொந்தப் பணத்துல டிரேட் பண்ற கம்பெனிங்களுக்கு சுமார் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு சுமார் 28,000 கோடி லாபம், அந்த லாபத்துல 96, 97 சதவீதம் கம்ப்யூட்டரே ஆர்டர் போடுற அல்கோ மூலமா வந்தது. உங்க பையன் வேலை முடிஞ்சு பஸ்ல வர்றப்போ ஆப்ஷன் செயினைப் பாத்து ஒண்ணைக் கண்டுபிடிக்கிறான்னா, அதை அந்த கம்ப்யூட்டர் எப்பவோ பாத்து விலையில சேத்து முடிச்சிருக்கும். அவன் புத்தி கம்மின்னு இதுக்கு அர்த்தம் இல்ல, இதை அவன்கிட்ட அழுத்திச் சொல்லுங்க, இந்த வயசுப் பசங்களுக்கு நஷ்டத்தைவிட "நான் முட்டாளா"ங்கிறதுதான் வலிக்கும், அதை இல்லன்னு காட்டத்தான் மறுபடி மறுபடி பணம் போடுறாங்க.

அப்புறம் அவனை உக்கார வச்சு ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஆப்ல வருஷக் கணக்குக்கு டாக்ஸ் பி அண்ட் எல்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும், அதை இறக்கச் சொல்லுங்க. அதுல சார்ஜஸ்னு ஒரு வரி. புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி, ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் சேந்தது. 1,40,000-ல எவ்வளவு அதுல போயிருக்குன்னு அவனே படிக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச பசங்க நிறைய பேர் அந்த வரியை ஒரு தடவைகூடத் திறந்து பாத்தது கிடையாது. கடன் வாங்கிப் பண்ணியிருக்கானான்னும் மெதுவா கேட்டுடுங்க, ஆப் லோன் ஏதாவது இருந்தா முதல்ல அதை அடைக்கிற வழியைப் பாருங்க, வட்டி அங்கதான் கொல்லும். பேச முடியலைன்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவன் தலமாட்டுல வச்சிடுங்க, எனக்கு எழுதச் சொல்லுங்க, நான் பதில் போடுறேன்.

கேள்வி: ஷேர் ஆப்ஷன் 520 கால் ஒரு லாட் வாங்கி வச்சிருக்கேன். எக்ஸ்பைரி வரைக்கும் விட்டா லாபம் தானா அக்கவுண்ட்ல வந்துடும்தானே?
– வாசகர், வில்லியனூர்

பதில்: நிஃப்டி மாதிரி இண்டெக்ஸ் ஆப்ஷன்னா வந்துடும். ஷேர் ஆப்ஷன்ல வராது தம்பி. 2019 அக்டோபர்லேர்ந்து எல்லா ஷேர் ஆப்ஷனும் டெலிவரி செட்டில்மென்ட்தான். எக்ஸ்பைரி அன்னிக்கு ஷேர் 525-ல முடிஞ்சா, நீங்க 520 ரூபாய் கொடுத்து 1000 ஷேரை எடுத்தே ஆகணும், 5,20,000 ரூபாய். 6,000 ரூபாய் போட்டு ஆரம்பிச்சதுக்கு இது. எக்ஸ்பைரிக்கு நாலு நாள் முன்னாடியிலேர்ந்தே டெலிவரி மார்ஜின், அதாவது புரோக்கர்கிட்ட கட்டி வைக்க வேண்டிய பணம், படிப்படியா ஏறும், புரோக்கர்கிட்டேர்ந்து மெசேஜ் வரும், அதை ஸ்பாம்னு நினைச்சுத் தள்ளிடாதீங்க. அந்த ஷேரோட ஓஐ அனுமதிச்ச அளவுல 95 சதவீதத்தைத் தாண்டிட்டா பேன் பீரியட் வேற வந்துடும், 80-க்குக் கீழ இறங்குற வரைக்கும் நம்ம நிலையைக் குறைக்கிற மாதிரி மட்டும்தான் வியாபாரம் பண்ண விடுவாங்க. 5 லட்சம் கொடுத்து அந்த ஷேரை எடுக்குற எண்ணம் இல்லைன்னா எக்ஸ்பைரிக்கு முந்தின வாரமே வித்துட்டு வெளிய வந்துடுங்க. கடைசி நாள் மூணு மணிக்கு விக்கப் போனீங்கன்னா, எதிர்ல வாங்குறவங்க கேக்குற விலைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.